யூதப் பதிப்பில் மல்கியா 4 எங்கே?

எங்கும் போகவில்லை. உங்கள் யூத வேதாகமப் பதிப்பில் மல்கியா என்ற தீர்க்கதரிசி நூல் 3 அதிகாரத்தோடு முடிகிறது, கிறிஸ்தவ வேதாகமத்தில் உள்ள 4-ஆம் அதிகாரம் இல்லை என்கிறீர்கள். அந்த 3-ஆம் அதிகாரத்தில் 19 முதல் 24 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். கிறிஸ்தவ வேதாகமத்தின் 4:1–6 அதுவேதான். யாரும் வெட்டவில்லை.

அதிகார எண்கள் எபிரெய மூலத்தில் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் லத்தீன் வேதாகமத்துக்குப் போட்டவை. பிறகு யூதர்களும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் சில இடங்களில் பிரிப்பு வேறாக அமைந்துவிட்டது.

சந்தேகமிருந்தால் சங்கீதம் 51-ஐ ஒப்பிடுங்கள். "எனக்கு இரங்கும்" கிறிஸ்தவப் பதிப்பில் 1-ஆம் வசனம், யூதப் பதிப்பில் 3. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்ததைச் சொல்லும் தலைப்பையே அவர்கள் இரண்டு வசனமாக எண்ணுகிறார்கள்.

மல்கியாவை யூத வேதாகமத்தின் கடைசியிலும் தேடாதீர்கள். யூதரின் அச்சுப் பதிப்புகள் 2 நாளாகமத்தில், எருசலேமுக்குப் போகலாம் என்ற பாரசீக அரசன் கோரேசின் கட்டளையோடு முடியும். எலியா தீர்க்கதரிசி வருவதைச் சொல்லும் மல்கியாவைக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டின் கடைசியில், புதிய ஏற்பாட்டின் முதல் நூலான மத்தேயுவுக்கு வாசலாக வைத்தார்கள். எண்ணைவிட இதுதான் பெரிய வித்தியாசம் என்பேன்.

(மல்கியா முடிவில் எலியா வசனம் இரண்டு முறை வந்தாலும் குழம்பாதீர்கள். சாபச் சொல்லோடு வாசிப்பு முடியக்கூடாதென்று 23-ஐத் திரும்பப் படிப்பது யூதர் வழக்கம்.)

ஒரு எச்சரிக்கை: சில கத்தோலிக்கப் பதிப்புகளும் எபிரெய எண்ணைப் பின்பற்றும். மேற்கோள் தரும்போது எந்தப் பதிப்பு என்று குறித்துவிடுங்கள்.