பாலைவன நாட்டில் ஒயினா? - திராட்சைக் கேள்விகள்

கேள்வி: என் மகன் காசாபிளாங்காவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது ‘மெக்னெஸ்’ என்று எழுதிய ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். மொராக்கோ பாலைவன நாடு, அதுவும் இஸ்லாமிய நாடு. அங்கே எப்படித் திராட்சை, எப்படி ஒயின்?
- அல்சூர் வாசகர்

பதில்: பாலைவனம் அட்லஸ் மலைகளைத் தாண்டித்தான் ஐயா தொடங்குகிறது. மெக்னெஸ் ஊர் அந்த மலைகளுக்கு இந்தப் பக்கம், 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். பழத்தில் சர்க்கரை ஏறும்போது புளிப்பும் மிச்சம் நிற்க அந்தக் குளிர் வேண்டும். நந்தி மலையடிவாரத்தில் ஒயின் திராட்சை வைத்தவர்கள் கணக்கும் இதேதான்.

ஒரு விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே நிஜமான குளிர்காலம் உண்டு. கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அப்போது ஒரு கவாத்து, கோடை முடிவில் ஒரு அறுவடை, அவ்வளவுதான். நம் தொட்டபள்ளாபூர்க் கொடிக்குத் தூக்கமே கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து என்று நாம்தான் அதற்குக் காலம் காட்ட வேண்டும். அக்டோபரில் வெட்டிய கையோடு மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் வரும். மருந்தடித்தே தோட்டக்காரர் பாதி ஆளாகிவிடுவார். அந்த வாரங்களில் அவரிடம் ஒயின் ருசியைப் பற்றிப் பேசாதீர்கள்.

மதம்? முஸ்லிம்களுக்கு மது விற்கக் கூடாது என்று மொராக்கோவில் 1967-லிருந்து சட்டம் இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் கடைகளில் மது விற்பனை நின்றுவிடும். அப்படியிருந்தும் அங்கே தயாராகும் ஒயினில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தீர்கிறது. எல்லாம் சுற்றுலாக்காரர்கள் குடித்தது என்றால் நான் நம்பமாட்டேன். பாட்டில் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தால் அது ‘வான் கிரி’. கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்து எடுப்பது. நன்றாகக் குளிரவைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒயினில் அல்ஜீரியா ஒருகாலத்தில் உலகத்திலேயே முதலிடமாமே? இப்போது பேரே அடிபடுவதில்லையே?
- ஜாலஹள்ளி வாசகர்

பதில்: உற்பத்தியில் இல்லை, ஏற்றுமதியில். 1860களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் நுழைந்து தோட்டம் தோட்டமாகக் கொன்றது. கைவசம் இருந்த காலனியான அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் கொடி நட்டார்கள். 1930களில் அது சுமார் 4 லட்சம் ஹெக்டேர். ஓரான், மஸ்கரா பக்கத்து ஒயினில் நிறமும் ஆல்கஹாலும் தூக்கல். கப்பல் கப்பலாகத் தெற்கு பிரான்சுக்குப் போய், அங்கத்து நீர்த்த ஒயினோடு கலந்து விற்றது. குடித்தவர்களில் எத்தனை பேருக்கு அல்ஜீரியா நினைவுக்கு வந்திருக்கும்?

1962-ல் விடுதலை. தோட்டம் வைத்திருந்த ஐரோப்பியர்கள் கிளம்பிவிட்டார்கள். சில வருடங்களில் பிரான்ஸ் வாங்குவதைக் குறைத்தது. உள்ளூரில் குடிக்க ஆள் குறைவு. 1970களில் அரசாங்கமே ஏராளமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு தானியம் விதைக்கச் சொன்னது. மண்ணிலும் குறையில்லை, கொடியிலும் குறையில்லை. வாங்குகிறவன் ஒருத்தன் என்பதுதான் குறை. ஒரே கம்பெனியை நம்பி ஒப்பந்தம் போட்டு, அறுவடை நேரத்தில் லாரி வருமா என்று ரோட்டைப் பார்த்து நின்ற நம்மூர்த் தோட்டக்காரர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பூச்சிக்கு மருந்து? அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். நம் பக்கம் ‘டாக்ரிட்ஜ்’ என்ற அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டுவதும் அதே வித்தைதான், ஆனால் இங்கே அது வறட்சிக்கும் உப்புத் தண்ணீருக்கும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு பெங்களூர் புளூவில் திராட்சை ரசம் போடுவோம். சர்க்கரை கொட்டாமல் இனிப்பாக வருமா?
- ஃப்ரேசர் டவுன் வாசகி

பதில்: வரும் அம்மா, பழைய வழி ஒன்று இருக்கிறது. இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்து மாகோ, 28 பகுதிகளில் விவசாய நூல் எழுதியவர். கி.மு. 146-ல் கார்த்தேஜை அழித்த ரோமானியர்களே அந்த நூலை மட்டும் மொழிபெயர்க்க உத்தரவு போட்டார்கள். அவர் செய்முறை இது: நன்றாகப் பழுத்த குலையில் கெட்டதைக் கழித்துவிட்டு நாணல் தட்டியில் வெயிலில் காயவைக்க வேண்டும், ராத்திரி பனி படாமல் மூட வேண்டும். காய்ந்த பழத்தை உதிர்த்து, முங்கும்வரை புதுத் திராட்சைச் சாறு ஊற்றி, ஆறாம் நாள் பிழிய வேண்டும்.

ஆனால் பெங்களூர் புளூ இதற்கு லாயக்கில்லை. சாறு அதிகம், காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். டிசம்பர் வெயிலும் போதாது. கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் போட்டுவையுங்கள். துனிசியாவில் கெலிபியா ஊர் மஸ்கட் ஒயினுக்குப் பேர்போனது. அந்த அலெக்சாண்ட்ரியா மஸ்கட் திராட்சைதான் நம் பன்னீருக்குத் தாய்தகப்பனில் ஒன்று. புளிக்கிறவரை ஜாடியின் வாயைத் துணியால் மட்டும் கட்டுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடித்துவிடும்.