மல்லாட்டைக்கு எந்த ஊர்? சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேள்வி பதில்

(உலக நாடுகளையும் மக்களின் வாழ்க்கையையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டவர்களுக்கு, புதுச்சேரியில் இருந்து.)

4ஆம் வகுப்புக்கு உலக வரைபடத்தை எப்படி அறிமுகப்படுத்தலாம் சார்? (ஆசிரியை, கடலூர் முதுநகர்)

கோலமாவு எடுங்கள் மேடம். தாழ்வாரத்தில் ஏழு கண்டங்களையும் பெரிதாக வரையுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு பொருளை வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். மிளகாய் மெக்சிகோவுக்குப் போகும், உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்கு, புளி ஆப்பிரிக்காவுக்கு. பண்ருட்டிப் பிள்ளை முந்திரி கொண்டுவந்தால் அது பிரேசில். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. என் வகுப்பில் ஒரு பையன் மிளகாயைக் கீழே வைக்காமல், "அதுக்கு முன்னாடி காரத்துக்கு என்ன சார் பண்ணாங்க?" என்றான். பக்கத்துப் பெண் மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடந்த மிளகைக் காட்டினாள். குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஒன்று மட்டும்: தெர்மாகோல் இக்லூ (பனிவீட்டு மாடல்) வேண்டாம். அதை ராத்திரி பத்து மணிக்கு அப்பா ஒட்டுவார், பிள்ளை தூங்கியிருக்கும்.

உலகப் பண்பாட்டு நாளுக்கு மாறுவேடம் போடலாமா?

இறகு குத்தி, முகத்தில் கரி பூசி நிறுத்துவதா? வேண்டாம். அதற்குப் பதில், "பல் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் கூரைமேல் எறிவதைச் சொல்வார்கள். ஜப்பானிலும் கீழ்ப்பல்லைக் கூரைமேல்தான் எறிவார்கள். பிரான்சில் தலையணைக்கு அடியில் வைத்தால் சுண்டெலி வந்து எடுத்துக்கொண்டு காசு வைக்கும். பேச்சு அப்புறம் நிற்காது.

வரைபடத்தில் கிரீன்லாந்து நம் நாட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறதே?

உருண்டையைத் தட்டையாக்கினால் அப்படித்தான். 1569இல் மெர்கேட்டர் போட்ட முறையில் துருவப்பக்கம் எல்லாம் உப்பிவிடும். கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியா 32.9 லட்சம். கமலா ஆரஞ்சை உரித்து, தோலைக் கிழியாமல் தட்டையாக்கச் சொல்லுங்கள்.

உலக வரைபடம் எந்தக் கடையில் கிடைக்கும்?

கோலமாவு என்றேனே.

முந்திரி பிரேசில் என்கிறீர்கள். விட்டால் எங்கள் மல்லாட்டையையும் (நிலக்கடலை) வெளியூர் என்பீர்கள் போல! (விவசாயி, குறிஞ்சிப்பாடி)

அதுவும்தான் ஐயா. அதன் காட்டு இனங்கள் தென் அமெரிக்காவில்தான் முளைக்கின்றன. மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. மணிலா பிலிப்பைன்ஸில் இருக்கிறது; அந்த வழியாக நம்மிடம் வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள்.

கேழ்வரகு? அதையும் பிடுங்கிவிடாதீர்கள். (அதே விவசாயி)

கிழக்கு ஆப்பிரிக்கா. ஆனால் வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது.

கம்பு? (இன்னொருவர், நெல்லிக்குப்பம்)

மேற்கு ஆப்பிரிக்கா.

சரி, பலாவாவது? (மறுபடி குறிஞ்சிப்பாடி)

நம் மேற்குத் தொடர்ச்சி மலை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

9ஆம் வகுப்புக்கு அட்சரேகை புரியவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 21 வாக்கில், பகல் 12.10க்குக் கொஞ்சம் முன்னதாகவே ஒரு குச்சியை நேராக நட்டுவையுங்கள். புதுச்சேரியில் அன்று நிழல் குச்சியின் காலடிக்குள் போய்விடும். சூரியன் அன்று ஏறத்தாழ 12 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு நேர் மேலே, நாமும் அதே அட்சரேகையில். ஆகஸ்டில் இன்னொரு நாள் உண்டு, மேகம் விட்டால்.

பள்ளியில் இக்லூ மாடல் கட்டாயமாம் சார். தெர்மாகோல் எத்தனை ஷீட் வாங்க?

ஒன்றும் வேண்டாம். சர்க்கரைக் கட்டி ஒரு பாக்கெட். பிள்ளையே அடுக்கட்டும், மிச்சத்தைத் தின்னட்டும்.