சுவரேற்ற அரங்குக்கு ஒரு வலைச்செயலி: கேள்வி பதில்

உள்ளரங்கச் சுவரேற்றம் (பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரில் ஏறும் விளையாட்டு) செய்பவர்களுக்கான வலைச்செயலிகளைக் கட்டிப் பராமரிப்பவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, ஏறியதைப் பதிவு செய்வது, தரவரிசை, சேர்ந்து ஏறத் துணை தேடுவது, வீடியோ என்று எல்லாம் சேர்த்து ஒரு செயலி கட்ட நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பதிவேட்டிலிருந்து. "இன்று எதை ஏறினேன், எதில் விழுந்தேன்" என்று ஒருவர் தனக்காகவே குறித்துக்கொள்ளும் வசதி அது. துணை தேடும் பக்கத்தில் பத்துப் பேர்கூட இல்லையென்றால் அதற்குப் பயனே இல்லை. பதிவேடோ முதல் ஆளுக்கு முதல் நாளே உதவும். மற்றவை பிறகு வரட்டும்.

கேள்வி: எங்கள் அரங்கில் சில வாரங்களுக்கு ஒருமுறை பிடிகளைக் கழற்றிப் புதுப் பாதைகளை (எந்தெந்தப் பிடிகளைப் பற்றி ஏற வேண்டும் என்ற அமைப்பு) அமைக்கிறார்கள். பழைய பாதைகளைத் தரவுத்தளத்திலிருந்து அழித்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சுவரிலிருந்து பாதை போய்விடலாம். அதை ஏறியவரின் வரலாறு போகக்கூடாது. ஒவ்வொரு பாதைக்கும் அமைத்த தேதி, கழற்றிய தேதி என இரண்டு புலங்கள் வையுங்கள். இரண்டாவது காலியாக இருந்தால் பாதை இன்னும் சுவரில் இருக்கிறது என்று பொருள். சுவரின் படத்தையும் அந்தந்தக் காலத்துக்கு உரியதாகச் சேமியுங்கள். புதுப் படத்தைப் பழையதன் மேல் எழுதிவிட்டால் படத்தில் பழைய பாதைகளைக் காட்டிய குறிகள் வேறு பிடிகள்மேல் போய் உட்கார்ந்துவிடும். குறிகளின் இடத்தைப் பிக்சலில் வைக்காமல் படத்தின் அகல உயரத்துக்கு விகிதமாக, 0 முதல் 1 வரையிலான எண்ணாக வைத்தால் எந்தத் திரையிலும் சரியாக விழும்.

மூன்போர்டு, கில்ட்டர் போர்டு போன்ற பயிற்சிப் பலகைகளின் கதை வேறு. அங்கே பிடிகள் குறித்த இடத்திலேயே நிற்கின்றன, பாதைகள்தான் மாறுகின்றன. ஆகவே பிடிக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, பாதையை அந்த எண்களின் பட்டியலாகவே சேமிக்கலாம். இந்த இரண்டு வகையையும் ஒரே அட்டவணையில் திணிக்காதீர்கள்.

கேள்வி: பாதையின் கடினத்தைக் குறிக்கச் சிலர் வி அளவை (வி0, வி1 என்று ஏறும் எண்கள்) கேட்கிறார்கள், சிலர் ஃபான்டென்புளோ அளவை (6ஏ, 6பி போன்றவை) கேட்கிறார்கள். ஒன்றில் சேமித்து மற்றதற்கு மாற்றிக் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஃபான்டென்புளோவில் 6பி, 6பி+ என்று இரண்டு படிகள் இருக்கும் இடத்தில் வி அளவையில் வி4 என்ற ஒரே படிதான் வழக்கம். வி4 என்று சேமித்துவிட்டால் அந்த நுணுக்கத்தை மீட்க வழியில்லை. பாதை அமைத்தவர் எந்த அளவையில் எந்தக் கிரேடு (கடின நிலை) கொடுத்தாரோ, அதை அப்படியே வையுங்கள். வரிசைப்படுத்த மட்டும் தனியாக ஓர் எண் வையுங்கள். போல்டரிங்கின் (கயிறில்லாமல் உயரம் குறைந்த சுவரில் ஏறுவது) 6பியும் கயிறு கட்டி ஏறும் கயிற்றுப் பாதையின் 6பியும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். போல்டரிங்கில் அது மிகவும் கடினம். ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பது மட்டுமே வேறுபாடு. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றும் ஒரு வரி நிரல் போதும், இரண்டும் கலந்துவிடும்.

ஏறியவர்களின் கருத்தைச் சேர்ப்பதாக இருந்தால் சராசரி வேண்டாம், இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். ஒருவர் வேண்டுமென்றே வி0 என்று போட்டாலும் அது எளிதில் ஆடாது.

கேள்வி: பாதையை அடையாளம் காட்டப் பிடிகளின் நிறம் போதாதா?

பதில்: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஏறுபவர்களிலும் இருக்கிறார்கள். நிறத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள், பாதைக்கு எண்ணும் கொடுங்கள்.

கேள்வி: அரங்கின் உள்ளே சிக்னல் கிடைப்பதில்லை. பதிவு செய்ததெல்லாம் காணாமல் போகிறது என்று திட்டுகிறார்கள்.

பதில்: அவர்கள் கோபம் நியாயமானது. நாள் கணக்கில் போராடி ஏறிய பாதை அது. 'ஏறிவிட்டேன்' பொத்தானை அழுத்தியதும் பதிவு முதலில் கைபேசியின் இன்டெக்ஸ்டு டிபியில் (உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) விழ வேண்டும். சர்வருக்கு அனுப்புவது அதன் பிறகு. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைக் கைபேசியே உருவாக்கட்டும். இணைப்பு அறுந்து அதே பதிவு இரண்டு முறை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளும். சிக்னல் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தைக் கைபேசியிலேயே சேமித்து வைத்துத் தரும் நிரல்) தேவை.

ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் ஒரு கண்ணி இருக்கிறது. உலாவியைப் பயன்படுத்திய நாட்களில் ஏழு நாள் உங்கள் தளத்தின் பக்கம் வராவிட்டால், அது சேமித்த தரவை அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த விதி இல்லை. அதனால் ஐபோன் வைத்திருப்பவர்களை முகப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பொத்தான்கள் பெரிதாக இருக்கட்டும். கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் தூள் படிந்த விரல்களால்தான் அழுத்துவார்கள்.

கேள்வி: தரவரிசைப் பட்டியல் வைக்கலாமா?

பதில்: போட்டி நாட்களில் வையுங்கள். மற்ற நாட்களில் எனக்கு உடன்பாடில்லை. புள்ளிக்காக எளிய பாதைகளையே திரும்பத் திரும்ப ஏறும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும்.

கேள்வி: தம்பி, என் மகள் கயிற்றுப் பாதை ஏறுகிறாள், வயது 15. துணை தேடும் வசதி வந்தால் தெரியாத ஒருவர் அவளுக்குக் கயிறு பிடிப்பாரே என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரியானதுதான் அம்மா. கீழே கயிறு பிடிப்பவர் கையில் மேலே இருப்பவரின் உயிர் இருக்கிறது. கட்டுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தத் தேடலில் தென்படவே கூடாது. "எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியும்" என்று ஒருவர் தானே எழுதியதற்குப் பச்சை டிக் போடாதீர்கள். சரிபார்த்ததாக மற்றவர்கள் நம்பிவிடுவார்கள். அரங்கு நடத்தும் சோதனையில் தேறியதை அரங்கின் ஊழியரே பதிவிட்டால் மட்டும் அந்தக் குறி வரட்டும். யார் எந்த நேரத்தில் அரங்குக்கு வருவார் என்பதும் பொதுவில் தெரியக்கூடாது.

கேள்வி: பாதைகளைப் பதிவேற்ற நேரமில்லை என்று எங்கள் அரங்கில் பாதை அமைப்பவர்கள் கைவிரிக்கிறார்கள்.

பதில்: ஏணியில் நின்று நாளெல்லாம் திருகு முடுக்கியவர்களிடம் படிவம் நிரப்பச் சொன்னால் வேறென்ன சொல்வார்கள்? சுவரின் ஒரு பகுதிக்கு ஒரே படம். அதில் தொடக்கப் பிடியைத் தொட்டு நிறத்தையும் கிரேடையும் தேர்ந்தால் பாதை பதிவாகிவிட வேண்டும். பெயர், விளக்கம் எதையும் கட்டாயமாக்காதீர்கள். பதிலுக்கு அவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள்: எந்தப் பாதையை எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு. அடுத்த முறை சுவரை அமைக்கும்போது அவர்களே அதைத் தேடி உங்கள் செயலியைத் திறப்பார்கள்.