பாக்ஸர்களுக்கு ஃபைட் அன்னைக்கே வெயிட் பாக்கணுமா, முந்தின நாளே பாத்தா போதுமா?

அன்னைக்கே பாக்கணும்னு தான் நான் சொல்லுவேன். ஆனா காலைல ஒரு தடவ மெஷின்ல ஏத்தி இறக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. நான் அப்படி அன்னைக்கே வெயிட் பாத்து ஆடுனவன் தான், அதுல என்ன ஆகும்னு பட்டு தெரிஞ்சிருக்கேன்.

காலேஜ் டைம்ல அமெச்சூர் ஆடுனேன். சாதாரணமா 61 கிலோ இருப்பேன். 60ல எங்க பக்கமே ரெண்டு பேர் ரொம்ப ஸ்ட்ராங், அதனால 57க்கு இறங்கிடுன்னு மாஸ்டர் சொன்னாரு. கடைசி ரெண்டு நாள் சோறு கிடையாது, முந்தின நாள் மத்தியானத்துல இருந்து தண்ணியும் கிடையாது, டிராக் சூட்டுக்கு மேல ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு ஓடுறது, ராத்திரி தூங்காம ஒரு டப்பால எச்சில் துப்பிக்கிட்டே உக்காந்திருக்கிறது. காலைல 7 மணிக்கு வெயிட், 56.9 காட்டுச்சு. 11 மணிக்கு பவுட். நடுவுல குளுக்கோஸும் வாழப்பழமும் உள்ள தள்ளுனேன், குடிச்ச தண்ணி வயித்துல குலுங்குச்சே தவிர உடம்புல சேரல. செகண்ட் ரவுண்ட்ல கால் ரெண்டும் நான் சொல்றத கேக்கல. சாதாரண ஜாப் (முன் கையால விடுற நேர் குத்து) ஒண்ணு தான் வாங்குனேன், தலைவலி ரெண்டு நாள் விடல.

மேரி கோம் 2018ல போலந்து போனப்ப நடந்தத அவங்களே சொல்லியிருக்காங்க. விடியகாலைல போய் இறங்குறாங்க, 7:30க்கு வெயிட், 48 கிலோவுக்கு ரெண்டு கிலோ அதிகம். ஒரு மணி நேரம் விடாம ஸ்கிப்பிங் போட்டு இறக்கி, கடைசில கோல்டும் வாங்கிட்டாங்க. எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோம். எனக்கு அத படிக்கும்போது பயமா தான் இருந்துச்சு, ஏன்னா அத பாத்து இங்க பதினாறு வயசு பசங்க அதையே செய்வாங்க.

ப்ரோ பாக்ஸிங்லயும் முன்னாடி அன்னைக்கு காலைல தான் பாத்தாங்க. 1982 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல ரே மான்சினி கூட ஆடுன தென்கொரியாக்காரர் கிம் டுக்-கூ 14வது ரவுண்டுல விழுந்து சில நாள்ல இறந்துட்டாரு. அவரு 135 பவுண்டுக்கு இறங்கவே ரொம்ப சிரமப்பட்டவரு. அதுக்கப்புறம் தான் 15 ரவுண்ட் 12 ஆச்சு, வெயிட்டும் அந்த 80கள்ல முந்தின நாளுக்கு போச்சு. வத்திப்போன உடம்போட ரிங்குக்குள்ள வரக்கூடாது, தண்ணி குடிச்சு தேறட்டும்னு தான் அந்த டைம் குடுத்தாங்க, நல்ல எண்ணம் தான். ஆனா ஆளுங்க என்ன பண்ணாங்க, ஒரு ராத்திரி கிடைக்குதுல்ல, அப்ப இன்னும் அதிகமா இறக்கலாம்னு ஆரம்பிச்சிட்டாங்க.

அது எங்க போய் முடிஞ்சுதுன்னு தெரியணும்னா 2000 பிப்ரவரில நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடந்த ஆர்ட்டுரோ காட்டி - ஜோயி கமாஷ் ஃபைட்ட பாருங்க. முந்தின நாள் வெயிட்ல ரெண்டு பேருக்கும் லிமிட் 141 பவுண்ட். மறுநாள் ராத்திரி ரிங்குக்கு வரும்போது கமாஷ் 145, காட்டி 160. பதினஞ்சு பவுண்ட் வித்தியாசம், கிட்டத்தட்ட ஏழு கிலோ! ரெண்டாவது ரவுண்டுல நாக் அவுட், கமாஷுக்கு மூளைல காயம், அதோட அவரு ஆட்டமே முடிஞ்சு போச்சு. கோர்ட்டுக்கு போனாரு, வருஷக்கணக்குல இழுத்து, வெயிட் பாத்ததுல பாக்ஸிங்க கண்காணிக்கிற நியூயார்க் கமிஷன் பக்கம் தப்பு இருக்கு, ஆனா காயத்துக்கு அதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னு 2010ல தீர்ப்பு. அவருக்கு ஒண்ணும் கிடைக்கல. இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு மனசு ஆறாது. வெயிட் கிளாஸ்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கோம் பின்ன?

உலக பட்டம் குடுக்குற அமைப்புகள்ல ஒண்ணான ஐபிஎஃப், டைட்டில் ஃபைட்டுக்கு மறுநாள் காலைலயும் ஏத்தி பாத்துச்சு, லிமிட்டுக்கு மேல 10 பவுண்ட் தாண்டக்கூடாதுன்னு. நல்ல ரூல், ஆனா ஓட்டை இருந்துச்சு. 2017ல கோலோவ்கின் கூட ஆடுன டேனியல் ஜேக்கப்ஸ் அந்த காலை வெயிட்டுக்கு வரவே இல்ல. அவருக்கு ஐபிஎஃப் பெல்ட் கிடைக்காது, அவ்வளவு தான், ஃபைட் நடந்துச்சு. 2019ல அதே ஜேக்கப்ஸ் கனேலோ கூட ஆடுனப்ப, ஃபைட் அன்னைக்கு காலைல 170 பவுண்ட் தாண்டக்கூடாதுன்னு பேசி வெச்சிருந்தாங்க, 173.6 இருந்தாரு, ஃபைன் கட்டிட்டு ஆடுனாரு. காசு இருந்தா தாண்டிடலாம்னா அது ரூலா?

என்ன பொறுத்தவரைக்கும் சரியா பண்ணது அமெரிக்க காலேஜ் ரெஸ்லிங் தான். 1997 கடைசில கிட்டத்தட்ட ஒரு மாசத்துல மூணு பசங்க ரப்பர் சூட் போட்டு வெயிட் இறக்கும்போதே இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் சவுனாவும் (வேர்க்க வைக்கிற சூடான அறை) ரப்பர் சூட்டும் தடை, வெயிட்ட மேட்சுக்கு ஒட்டி பாக்குறாங்க, முக்கியமா சீசன் ஆரம்பத்துலயே யூரின் டெஸ்ட் எடுத்து உடம்புல தண்ணி சரியா இருக்கும்போது இந்த பையன் இதுக்கு கீழ இறங்கவே கூடாதுன்னு ஒரு நம்பர் குறிச்சிடுறாங்க. இந்த நம்பர் தான் உயிர காப்பாத்துறது. அது இல்லாம அன்னைக்கு வெயிட் மட்டும் பாத்தா என்ன ஆகும்னு 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் விஷயத்துல பாத்தோம். ராத்திரி முழுக்க ஓடி, முடிய கூட வெட்டி, கடைசில 100 கிராம் அதிகம்னு ஃபைனல் போச்சு, அதே நாள் ஹாஸ்பிட்டல்ல படுத்திருந்தாங்க. அவங்க தலைல அடி படுற விளையாட்டு ஆடல. பாக்ஸர் அதே நிலைமைல ஏறுனா நேரா மூளைக்கு தான் அடி.

அதனால ரெண்டும் வேணும். ஃபைட்டுக்கான ட்ரெய்னிங் கேம்ப் ஆரம்பிக்கும்போதே டெஸ்ட் எடுத்து கீழ் எல்லைய குறிக்கணும், ஃபைட் அன்னைக்கும் ஏத்தி பாக்கணும், தாண்டுனா ஃபைன் இல்ல, ஃபைட்டே கிடையாது. இப்படி சொன்னா உடனே எதிர்ல இருக்குறவன் பொழப்பு என்ன ஆகும்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி தான். மூணு மாசம் கேம்ப் செலவு பண்ணிட்டு வந்தவன் பாதி நேரம் அந்த காசுக்காகவே பெரிய ஆளு கூட ஏற ஒத்துக்குறான். தாண்டுனவன் சம்பளத்துல இருந்து இவனுக்கு முழு பணத்தையும் எடுத்து குடுன்னு கான்ட்ராக்ட்லயே எழுதிடுங்க, அப்ப அவன் தைரியமா முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்கு போவான்.