தீ அணைந்த தெருவில் சிப்பாய்க்கு என்ன வேலை?

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பற்றியெரிந்த காட்டுத்தீயும், அதன்பின் அங்கே தெருமுனைகளில் நின்ற சிப்பாய்களும்தான் அப்போது பேச்சு. தண்டையார்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் என்பதால் அக்கம்பக்கத்தார் என்னிடம் எழுதிக் கேட்டார்கள். அவையும் என் பதில்களும் இதோ.

ராயபுரம்: லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் எரிந்த ஆல்டடீனாவில் நின்றது அமெரிக்க ராணுவமா?
கலிஃபோர்னியா நேஷனல் கார்டு. மாநில ஆளுநர் கூப்பிட்டால் வருவார்கள். அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி. பலருக்கு வேறு வேலை உண்டு, அழைத்தால் சீருடை. நம் டெரிட்டோரியல் ஆர்மி ஏறக்குறைய அப்படித்தான். போலீசுக்குத் துணையாகச் செக்போஸ்டில் நின்றார்கள். வெளியேறச் சொன்ன பகுதிகளில் மாலை 6 முதல் காலை 6 வரை ஊரடங்கு இருந்தது. திருட்டு ஒரு காரணம்தான். அறுந்த மின்கம்பி, கேஸ் கசிவு, இடிபாட்டில் உடல் தேடுவது எல்லாம் இருந்தது. அப்புறம் சாம்பல். எரிந்த வீட்டுச் சாம்பலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும். தொடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: திருடனைக் கண்டால் சுடுவார்களா?
மாட்டார்கள். மடக்கிப் போலீசிடம் விடுவார்கள்.

காசிமேடு: எங்க குப்பத்துல தீப்பிடிச்சா பசங்களே சிலிண்டரை வெளிய உருட்டிடுவாங்க, ராத்திரி காவலும் அவங்கதான். சிப்பாய் எதுக்கு?
பாதி சரி, தம்பி. சிப்பாய்க்கு முகம் தெரியாது, அடையாள அட்டைதான் தெரியும். வீட்டோடு ரேஷன் கார்டும் எரிந்தவர் எதைக் காட்டுவார்? உங்கள் பையனோ, "இது நம்ம செல்வி அக்கா" என்று விட்டுவிடுவான். அந்த அறிவை எந்தப் படையும் கொண்டுவர முடியாது.

கொடுங்கையூர்: அதே பையன் தனக்கு வேண்டியவனையும் விடுவானே, ஐயா? எங்க தெருவுல எரிஞ்ச வீட்டு இரும்பு மறுநாளே காணோம்.
இதுதான் மீதிப் பாதி. சிப்பாய்க்குத் தெருவில் மச்சானும் இல்லை, பகையும் இல்லை. நான் சொல்வது: வாசலில் சீருடை, பக்கத்திலேயே முகம் தெரிந்த இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். காசிமேட்டுத் தம்பி இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "பெண் சரி, சீருடை வேணாம்" என்று மறுபடி எழுதியிருக்கிறார். சரி, பேசலாம். அதுவரை ஆதார் நகலை டிஜிலாக்கரில் போட்டு வையுங்கள்.

எண்ணூர்: கையில் துப்பாக்கி இருக்கே, சுடவே மாட்டாங்களா?
மேலே கொருக்குப்பேட்டைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பெரம்பூர்: இன்சூரன்ஸ் கிடைக்குமா?
என் துறை இல்லை. ஏஜெண்டைக் கேளுங்கள்.

திருவொற்றியூர்: இங்கே ராணுவம் வருமா?
அரசு நிர்வாகம் கேட்டால் வரும். 2015 வெள்ளத்தில் வந்ததே. பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலேயே இருக்கிறது. குடிசைத் தீக்கு முதலில் 101.

வியாசர்பாடி: ஐயா, சுடுவாங்களா?
அம்மா, மூன்றாவது தடவை!

மாதவரம்: மகள் அங்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பாசடேனாவில். வீடு தப்பியது, உள்ளே சாம்பல். பெருக்கலாமா?
துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். என்95 மாஸ்க், கையுறை, ஈரத்துணி. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.