ஆந்த்ரே மாஸோன் இங்க் டிராயிங்: கையால வரைஞ்சதா, அச்சா?

கேள்வி: பாரிஸ்ல ஒரு பழைய பேப்பர் கடையில பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே மாஸோன் கையெழுத்தோட ஒரு இங்க் டிராயிங் வாங்கினேன். ஒரிஜினலான்னு வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பாதி தூரம் முடியும். முதல்ல ஃபிரேம்ல இருந்து வெளிய எடுங்க, கண்ணாடி வழியா பார்த்தா ஒண்ணும் பிடிபடாது. 10 மடங்கு பெருசாக்கிக் காட்டுற லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு கோட்டோட ஓரத்தைப் பாருங்க, ஒழுங்கான புள்ளி வரிசையா உடைஞ்சு தெரிஞ்சா அது அச்சு, அதோட விட்டுடலாம். புள்ளி இல்லைன்னாலும் உடனே முடிவு பண்ணாதீங்க, மாஸோன் லித்தோகிராஃபும் (கல்லுல வரைஞ்சு எடுக்கிற அச்சு) நிறைய பண்ணியிருக்கார், அதுல அந்தப் புள்ளி வராது. அதனால டார்ச்சை பேப்பருக்குப் பக்கவாட்டுல தாழ்வா பிடிச்சுப் பாருங்க, நிப் அழுத்தின இடத்துல மெல்லிசா கீறல் தெரியணும், பேனா நின்ன இடத்துல இங்க் தேங்கி கொஞ்சம் அடர்த்தியா இருக்கணும்.

ஆனா நான் முக்கியமா பார்க்கிறது கோட்டோட வேகத்தைத்தான். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், கனவையும் ஆழ்மனசையும் கலைக்கு மூலமா எடுத்துக்கிட்ட சர்ரியலிச இயக்கத்தோட அறிக்கையை வெளியிட்ட அதே 1924ல இருந்தே மாஸோன் ஆட்டோமேட்டிக் டிராயிங் பண்ணிட்டிருந்தார், என்ன வரையப் போறோம்னு எதுவுமே முடிவு பண்ணாம பேனாவை வேகமா ஓடவிட்டு, அப்புறம் அந்தக் கோட்டுச் சிக்கலுக்குள்ள ஒரு கை, ஒரு மீன், ஒரு பறவைன்னு கண்ணுல படுறதை மட்டும் லேசா எடுத்துக் காட்டுவார். நியூயார்க்ல மோமாங்கிற நவீன கலை மியூசியத்துல இருக்கிற 1924 டிராயிங் போட்டோவை பெருசாக்கிப் பாருங்க, எவ்ளோ அழகா ஓடுது அந்தக் கோடு! அதைப் பார்த்து காப்பி அடிக்கிறவன் அடுத்த வளைவு எங்கன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் போவான், அங்கங்க கோடு நடுங்கும், ஒரே தடிப்பா வரும், கோட்டுக்கு அடியில பென்சில் தடம்கூட கிடைக்கலாம். உங்களோடது இந்த மாதிரி டிராயிங்னா, அடியில பென்சில் இருந்தா எனக்கு பலமா சந்தேகம் வரும்.

கையெழுத்தை மட்டும் நம்பி எதுவும் பண்ணாதீங்க, அதை பின்னாடி யார் வேணா போட்டிருக்கலாம். இதெல்லாம் சரியா வந்தா பாரிஸ்ல இருக்கிற கொமிட்டே மாஸோன் (மாஸோன் படைப்பு ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்ற குழு) கிட்ட சர்டிபிகேட் கேளுங்க, அது இல்லாம பெரிய ஏலக்கடையில விக்கிறது கஷ்டம், கடை பில்லையும் பத்திரமா வச்சுக்கோங்க.

அதுவரைக்கும் லேமினேஷன், செல்லோடேப் ரெண்டும் வேண்டவே வேண்டாம், தயவு செஞ்சு. ஆசிட் இல்லாத மவுண்ட்ல (படத்தைத் தாங்குற அட்டை) வச்சு, வெயில் படாத சுவர்ல, 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல போகாத மங்கலான வெளிச்சத்துல மாட்டுங்க.