ரைட்டர்னா யாரு?

கேள்வி: எங்க இன்ஸ்பெக்டர் ஐயா போன மாசம் தவறிட்டாரு. ஸ்டேஷன் ரைட்டரா இருந்த எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவரு. இனி அப்படி ஒரு அதிகாரி வருவாரா?
– ஓய்வுபெற்ற எஸ்.ஐ., மதுரை

பதில்: வருவாரா மாட்டாரான்னு ஜோசியம் சொல்ல நம்மகிட்ட வேற பக்கம் இருக்கு. போறபோக்குல ரைட்டர்னு ஒரு வார்த்தைய போட்டீங்க பாருங்க, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். ஸ்டேஷன்ல புகார், கேஸ் எழுதுற போலீஸ்காரருக்கும் ரைட்டர்னுதான் பேரு.

86 சித்திரைத் திருவிழா. அழகர மதுரைக்காரங்க எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பாக்க தல்லாகுளம் போயி, டிவிஎஸ் 50ய தொலைச்சிட்டு ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். பாரா நின்னவரு என்ன வேலைன்னு கேட்டாரு, ரைட்டர்னேன். மனுசன் சட்டுன்னு வெறப்பாயிட்டாரு, எந்த ஸ்டேஷன்ணேன்னு கேட்டு டீக்கு ஆள் வேற அனுப்பிட்டாரு. கதை எழுதுற ரைட்டருன்னு தெரிஞ்சதும் அந்த டீ என்னையத் தாண்டி உள்ள போயிருச்சு. நியாயந்தான், அவங்க ரைட்டர் எழுதுனா ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான், நான் எழுதுனா புஸ்தகம் குடோனுக்குப் போகும்.

உள்ள உங்க ஐயா இருந்தாரு. "மேற்படி வாகனம் மேற்படி இடத்தில்"னு நான் எழுதியிருந்த மனுவ மடிச்சு ஓரமா வச்சிட்டு, "சார், வாயால சொல்லுங்க"ன்னாரு. சொன்னேன். பக்கத்துல எழுதிக்கிட்டிருந்த பையன்கிட்ட (நீங்கதானோ?) "அவர் சொன்னபடியே எழுதுப்பா, எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டு"ன்னாரு. வாசிச்சா, நான் நீலக் கலர் சீட்டு கவர்ங்கிறேன், பையன் பச்சைன்னு எழுதியிருக்கான்! அடிச்சுத் திருத்தச் சொல்லி, திருத்துன இடத்துலயும் என்கிட்ட கையெழுத்து வாங்குனாரு.

அவரு தயவுக்குச் செய்யல, சட்டமே அதான். அப்ப குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154, 2024 ஜூலை 1லருந்து புதுச் சட்டத்துல 173. வாய்ல சொல்றத எழுதணும், வாசிச்சுக் காட்டணும், கையெழுத்து வாங்கணும், காப்பிய காசில்லாம கொடுக்கணும். எத்தன பேருக்கு வாசிச்சுக் காட்டியிருக்காங்கன்னு நீங்கதான் சொல்லணும்.

நான் அன்னைக்குப் பிடிச்சதுதான், ப்ரூஃப் எல்லாத்தையும் சத்தமாத்தான் வாசிப்பேன், சப் எடிட்டருங்க காதப் பொத்திக்குவாங்க. 'மேற்படி'ங்கிற வார்த்தைய நான் ஒவ்வொரு வாரமும் அடிச்சுத் தூக்குறதும் எங்க ப்ரூஃப் ரீடர் அத மறுபடி கொண்டாந்து வைக்கிறதும் முப்பது வருசமா நடக்குது. கவிதை அனுப்புற புண்ணியவான்களும் ஒரு தடவ வாய்விட்டு வாசிச்சுப் பாத்தா பாதி தபால் மிச்சமாகும்.

சரி, இனி வருவாரான்னு கேட்டீங்கள்ல. உங்களுக்குக் கீழ வேலை பாத்த பயலுகள என்னைக்காவது வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கீங்களா?

அப்புறம், வண்டி கிடைக்கல. ஒரு மாசம் கழிச்சு சீட்டு கவர் மட்டும் கிடைச்சுச்சு. நீலந்தான்.